ஒரே பந்தி, வேறு வேறு உடல்

ஒரே அடுப்பில் ஆக்கிய சோற்றை ஒரே பந்தியில் இருந்து உண்ணும் உடன்பிறந்தார் இருவரில் ஒருவர் மெலிந்தும் மற்றவர் பருத்தும் இருப்பது எங்கும் காணக்கூடியதே. மெலிந்தவருக்கு உண்டது உடம்பில் ஒட்டுவதில்லை என்பர். பருத்தவரையோ பெருந்தீனிக்காரர் என்றும் சோம்பேறி என்றும் ஊரார் எளிதில் ஏசிவிடுகின்றனர். அந்த ஏச்சு நியாயமானதுதானா?

உண்ட உணவைச் சிதைத்துச் சக்தி பெறுவதும், அச்சக்தியைக் கொண்டு உடலைக் கட்டுவதுமாகிய இரசாயனத் தொழில்கள் அனைத்துக்கும் அனுசேபம் என்று பெயர். மனிதன் படுத்துக் கிடக்கும்போதும் மூளையும் ஈரலும் இருதயமும் சிறுநீரகமும் ஓய்வதில்லை. பெரும்பாலானோர் நாள்தோறும் செலவிடும் சக்தியில் பாதிக்கு மேற்பட்டது இவ்வாறு ஓய்விலேயே செலவாகின்றது.

பருத்தவரின் அனுசேபம் மந்தமானது என்று பலர் எண்ணுகின்றனர். தைரொயிட்டுச் சுரப்பி குன்றியவர்களைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மையுண்டு. மற்றையோரை அளந்து பார்த்தால், பெரிய உடல் ஓய்விலும் கூடிய சக்தியையே செலவிடுகின்றது. பெரிய வண்டிக்குக் கூடிய எரிபொருள் வேண்டுமல்லவா? ஆகவே, வேற்றுமையைத் தேடவேண்டிய இடம் வேறு. தேவைக்கு மிஞ்சிய உணவை உடல் என்ன செய்கின்றது என்பதே கேள்வி.

கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குளோட் பூஷாரும் அவர் குழுவினரும் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வை நேயர்கள் இங்கே கவனித்தல் தகும். ஒருகரு இரட்டையரான இளைஞர் 12 சோடியினரைக் கண்காணிப்பில் வைத்து, நூறு நாட்களில் 84 நாட்கள், வழக்கமான உணவுக்கு மேலாக நாளொன்றுக்கு 1,000 கலோரி ஊட்டினர். ஒவ்வொருவரும் மிகையாக உண்டது ஒரே அளவு. எனினும், ஒருவர் 4.3 கிலோகிராம் மட்டுமே பருக்க, இன்னொருவர் 13.3 கிலோகிராம் பருத்தார். இதனினும் வியப்பானது, ஒரு சோடியின் இருவரும் பெரிதும் ஒத்தே பருத்தமையாகும். சோடிக்குச் சோடி இருந்த வேற்றுமை, சோடிக்குள் இருந்த வேற்றுமையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. உடல்வாகு பரம்பரையாக வருவதென்று முதியோர் சொல்வது வீண்பேச்சன்று.

மிஞ்சிய சக்தி எங்கே போயிற்று? அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தார் 1999இல் இதற்கு ஒரு விடை கண்டனர். அவர்களும் 16 பேருக்கு எட்டு வாரம் நாளொன்றுக்கு 1,000 கலோரி மிகையாக ஊட்டினர். கொழுப்பு மிகக் குறைவாகச் சேர்ந்தவர்கள், தம்மையறியாமலே கூடுதலாக அசைந்தவர்கள். எழுந்து நிற்பதும் உலாவுவதும் கைகால் அசைப்பதுமாகிய சிறு அசைவுகளால், ஒருவர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 690 கலோரி வரை மேலதிகமாகச் செலவிட்டார். வேறு சிலரின் உடல் அவ்வாறு செய்யவேயில்லை. இதனைச் சோம்பல் என்பதா?

அவ்வாறாயின் பருத்தவர் உண்பதைக் குறைத்து மெலியலாமே என்று கேட்கலாம். மெலியலாம், ஆனால் உடல் அதை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பெருமுயற்சி செய்து மெலிந்த 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் சோதித்த முடிவு 2016இல் வெளியாயிற்று. பெரும்பாலோர் மீண்டும் பருத்திருந்தனர். அப்போதும் அவர்களது ஓய்வுநிலை அனுசேபம், அவர்களது உடலளவுக்கு எதிர்பார்க்கத்தக்கதிலும் சராசரியாக 500 கலோரி குறைந்தே இருந்தது. அவர்களுள் ஒருவர் இருந்த எடையில் நிலைத்திருப்பதற்கே, தம்மையொத்த உடலுடைய இன்னொருவரிலும் நாள்தோறும் ஏறத்தாழ இரண்டரைக் கோப்பைச் சோற்றளவு குறைத்து உண்ணவேண்டியிருந்தது.