எகிப்தின் எல்லையில் சொன்ன பொய்



போன மாதம் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஒரு தம்பி காத்திருந்தார். கையில் பாஸ்போர்ட், பக்கத்தில் அம்மா. "சாமி, இதை ஜெபிச்சுக் கொடுங்க, துபாய் போறான்" என்றார் அந்த அம்மா. என்ன விசா என்று கேட்டேன். "டூரிஸ்ட் விசாதான் சாமி. அங்க போயி வேலை விசாவா மாத்திக்கலாம்னு ஏஜென்ட் சொல்றாரு. யாராவது கேட்டா, சுத்திப் பாக்க வந்தேன்னு சொன்னாப் போதுமாம்." திரும்பி வர ஒரு டிக்கெட்டும், தங்கவே போகாத ஓட்டலுக்கு ஒரு முன்பதிவும் ஏஜென்டே எடுத்துத் தருவாராம். மொத்தம் 1 லட்சத்து 20 ஆயிரம். அம்மாவின் கழுத்தில் சங்கிலி இல்லை, மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குத்தகை நிலம். அறுக்க நின்ற சம்பா மழையில் சாய்ந்து முளைத்துவிட்டது. நம் தாத்தாக்களும் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர்கள்தானே.

ஆபிராமும் அப்படிப் போனவர்தான். தொடக்க நூல் 12ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். நாட்டில் கொடும் பஞ்சம். எகிப்தை நெருங்கியதும் அவருக்குப் பயம் வந்துவிடுகிறது. மனைவி சாராயிடம், என் தங்கை என்று சொல்லிவிடு என்கிறார். எல்லை தாண்ட ஒரு சின்னப் பொய். அவருக்கு ஆடும் மாடும் ஒட்டகமும் கிடைத்தன. பார்வோனின் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டவரோ சாராய். பொய்யைச் சொல்லச் சொன்னவர் ஒருவர், விலை கொடுத்தவர் இன்னொருவர். சாராய் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட அங்கே எழுதப்படவில்லை. அந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தபோது எனக்குச் சாராய் நினைவுதான் வந்தது.

சுற்றுலா விசாவில் தவறில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிற தாய்க்கும், புனித நாட்டுக்குத் திருப்பயணம் போகிறவருக்கும் அதுதான் வழி. அந்தப் படிவத்தில் எதற்காக வருகிறீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கும். நான் சொல்வது அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

தம்பி பத்தாவது தேறவில்லை. அதனால் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். வீண் அலைச்சல் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்ற ஒப்பந்தத்தை அங்கேதான் பார்க்கிறார்கள். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் கிடைக்கும் காப்பீடும் அந்த வழியில்தான் வருகிறது. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய். உரிமம் பெற்ற ஏஜென்ட் 30 ஆயிரமும் அதற்கான வரியும்தான் வாங்கலாம். சுற்றுலா விசாவில் போகிறவர் இது அத்தனையையும் இங்கேயே விட்டுவிட்டுப் போகிறார். அங்கே சம்பளம் தராவிட்டால் யாரிடம் முறையிடுவார்? ஏட்டின்படி அவர் வேலைக்கு வரவே இல்லையே!

2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் தமிழ்ப் பிள்ளைகள், மியான்மரில் ஆயுதக் காவலுக்குள் இணைய மோசடி செய்யும்படி அடைத்து வைக்கப்பட்டார்கள். வேலைக்காகச் சுற்றுலா விசாவில் போகாதீர்கள் என்று வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்க வேண்டியதாயிற்று.

அன்று நான் பாஸ்போர்ட்டை ஜெபித்துக் கொடுக்கவில்லை. தம்பியின் தலையில் கை வைத்து ஜெபித்தேன். அம்மாவுக்கு என்மேல் வருத்தம்தான். மறுநாள் தம்பி மட்டும் வந்தார். பங்கு அலுவலகக் கம்ப்யூட்டரில், அரசின் இ-மைக்ரேட் தளத்தைத் திறந்து அந்த ஏஜென்ட்டின் பெயரைத் தேடினோம். உரிமம் பெற்றவர்கள் பட்டியலில் அவர் இல்லை. முன்பணமாகக் கொடுத்த 40 ஆயிரத்தைத் திரும்பக் கேட்டுத் தம்பி நடந்துகொண்டிருக்கிறார். இன்னும் கைக்கு வரவில்லை. அவருக்காகவும் அந்த அம்மாவுக்காகவும் இன்று ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்கள்.