வியட்நாம் சொல்லும் பாடம்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் ரசாயனம் படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகத்தில் காலம் தள்ளியவன். 1980களில் அந்நிய முதலீடு சம்பந்தப்பட்ட ஃபைல்கள் என் மேஜைக்கு வரும். “தேவையில்லை” என்று குறிப்பு எழுதுவதே தேசபக்தி என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை அசைத்தது வியட்நாம்.

1975-ல் யுத்தம் ஓய்ந்தபோது அது நொடித்துப்போன தேசம். 1980களின் நடுவில் விலைவாசி வருஷத்துக்குப் பல நூறு சதவீதம் ஏறியது. 1986 டிசம்பரில் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆறாவது மாநாடு ‘டோய் மோய்’ என்ற சீர்திருத்தத்தைத் தொடங்கியது. 1987-ல் அந்நிய முதலீட்டுச் சட்டம் வந்தது. 1988-ல் கூட்டுப் பண்ணை நிலங்களைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டார்கள். அரிசி இறக்குமதி செய்த நாடு, 1989-லேயே ஏற்றுமதி செய்தது. கவனியுங்கள்: முதல் வெற்றியைத் தந்தவன் அந்நிய முதலாளி அல்ல, சொந்த விவசாயி.

1994-ல் அமெரிக்கா வர்த்தகத் தடையை நீக்கியது. 2007-ல் உலக வர்த்தக அமைப்பில் இடம் கிடைத்தது. 2009-ல் பாக் நின் மாகாணத்தில் சாம்சங் செல்போன் தயாரிக்கத் தொடங்கியது. 2010-ல் இன்டெல் தொழிற்சாலை திறந்தது. 1990களின் தொடக்கத்தில் உழைப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் விவசாயத்தில் இருந்தார்கள்; இன்று மூன்று பேருக்கும் குறைவு. பெண்களுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது இந்த மாற்றத்துக்குப் பெரிதும் கைகொடுத்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஏற்றுமதியில் சுமார் முக்கால் பங்கு அந்நியக் கம்பெனிகளுடையது. முக்கியமான பாகங்கள் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகின்றன. அவற்றைச் செய்துதரும் அளவுக்கு உள்ளூர்க் கம்பெனிகள் இன்னும் வளரவில்லை.

ரசாயனத்தில் வினையூக்கி என்று ஒன்று உண்டு. அது வினையை வேகப்படுத்தும். முடிவில் தான் மாறாமல் வெளியே வந்துவிடும். மூலப்பொருள் இல்லாவிட்டால் அதனால் ஒன்றும் நடக்காது. அந்நிய முதலீடும் அப்படித்தான். படிப்பு, மின்சாரம், துறைமுகம், சிறுதொழில் ஆகிய மூலப்பொருள்கள் நம்முடையவையாக இருக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் பலர் பெங்களூரிலும் புனேயிலும் பன்னாட்டுக் கம்பெனிகளில் கை நிறையச் சம்பாதிக்கிறார்கள். சந்தோஷம். அவர்களில் சிலராவது, அங்கே கற்றதைக் கொண்டு நாலு பேருக்கு வேலை கொடுக்கும் சொந்தத் தொழில் தொடங்க வேண்டும். அப்படிக் கிளம்பும் பிள்ளையைப் பெற்றோர்களாகிய நாம் பயமுறுத்தித் தடுக்கக் கூடாது.

அன்று “தேவையில்லை” என்று எழுதிய கை, இன்றானால் “வரட்டும்; ஆனால் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்” என்று எழுதும்.