திரும்பி வராத மொய்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிர் வரிசையில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் அருமை நண்பர்களே! அரங்கம் நிறைந்த பெரியோர்களே! சாப்பாட்டுத் தட்டை மடியிலே வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து எங்களைப் பார்க்கும் தாய்மார்களே!

போர்முனையில் அடிபட்ட வீரனைக் காப்பது அரசின் கரமா, மக்களின் கரமா? இதுதான் தலைப்பு. மக்களின் கரமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னாலே பேசிய நண்பர் ரொம்ப அழகாகச் சொன்னார். "அய்யா, நாம வரி கட்டுறோம். அந்தப் பணத்துல துப்பாக்கியும் வாங்கணும், பஞ்சும் வாங்கணும். அது சர்க்கார் வேலை. ஒரு நாட்டுல உண்டியல் குலுக்கித்தான் ராணுவத்துக்கு மருந்து வாங்கணும்னா, அது அவமானம்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்லாப் பேசினா தட்டத்தானே வேணும்? (சிரிப்பு)

ஆனால் நண்பர் ஒன்றை மறந்துவிட்டார். ரத்தத்துக்குக் கடமையும் தெரியாது, உரிமையும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் கடிகாரம் ஒண்ணுதான்!

மனித உடம்பிலே மொத்தமே சுமார் 5 லிட்டர் ரத்தம்தான் இருக்கிறது. தொடையிலே ஓடுகிற பெரிய ரத்தக்குழாய் அறுந்துபோனால், சில நிமிஷங்களிலே ஆள் போய்விடுவான். ஆஸ்பத்திரி எத்தனை மாடி இருந்து என்ன பிரயோஜனம்? அந்தச் சில நிமிஷத்துக்குள்ளே, அடிபட்ட இடத்திலேயே ரத்தத்தை நிறுத்தணும். அதற்கென்று ஒரு பட்டை இருக்கிறது. டாக்டர்கள் டூர்னிக்கே என்பார்கள். ஒரு பட்டை, அதிலே ஒரு சின்னக் கோல். காயத்துக்கு மேலே சுற்றிக் கோலைத் திருகினால் பட்டை இறுகும், ரத்தம் நிற்கும். எத்தனை மணிக்குக் கட்டினோம் என்று குறித்துவைக்க வேண்டும். அடிபட்டவனே ஒரு கையால் தனக்குத்தானே கட்டிக்கொள்ளலாம். உயிருக்கும் சாவுக்கும் நடுவிலே இருக்கிறது அந்தப் பட்டை ஒன்றுதான்!

சரி, நண்பர் சொன்ன வழியிலேயே வாங்கலாம். முதலில் ஒரு மனு. மனுவுக்கு மூன்று நகல். மேல் அதிகாரி பார்த்து, "இணைப்பு எங்கே?" என்று திருப்பி அனுப்புவார். இணைப்பு போகும்போது அதிகாரி மாறுதலாகிப் போயிருப்பார். எல்லாம் முடிந்து பட்டை வந்து சேரும்போது புண்ணும் ஆறியிருக்கும், உடம்பும் ஆறியிருக்கும்! (பலத்த கைதட்டல்)

சிரிக்கிறோம். ஆனால் உக்ரைன் நாட்டிலே இது சிரிக்கிற விஷயமாக இல்லை. 2014-லே அந்த நாட்டின் கிழக்கிலே போர் மூண்டபோது, பல வீரர்களின் கையிலே இருந்தது சோவியத் காலத்து முதலுதவிப் பை. அதிலே பழைய ரப்பர்க் குழாய்! அப்போது எழுந்து வந்தவர்கள் யார்? ஆசிரியர்கள் வந்தார்கள், கடைக்காரர்கள் வந்தார்கள், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள் வந்தார்கள். பணம் திரட்டி நல்ல பட்டையும் கட்டுத்துணியும் வாங்கிப் போர்முனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அதே வருஷம் யானா ஸின்கேவிச் என்று ஒரு பெண். இருபது வயது நிரம்பவில்லை. டாக்டருக்குப் படிக்கவேண்டிய பெண், 'ஹாஸ்பிடலர்ஸ்' என்ற தொண்டர் மருத்துவப் படையைத் தொடங்கினாள். குண்டு விழுகிற இடத்திலிருந்து காயம்பட்டவர்களைத் தூக்கிவருவது அவர்கள் வேலை. வண்டிக்கு டீசல் முதல் மருந்து வரை அவர்கள் நம்பியது மக்களின் நன்கொடையை! 2015-லே நடந்த விபத்திலே அந்தப் பெண்ணுக்கு நடக்க முடியாமல் போய்விட்டது. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே படையை நடத்தினாள். 2019-லே நாடாளுமன்றத்துக்கும் போனாள்.

அங்கே இன்னொரு அறக்கட்டளை. அதன் பெயரைத் தமிழிலே சொன்னால் 'உயிரோடு திரும்பி வா'. நம்ம வீட்டிலே யாராவது கிளம்பும்போது "போறேன்" என்று சொன்னால் அம்மா விடுவாளா? "போயிட்டு வரேன்னு சொல்லுடா" என்பாள். அந்தத் தாயின் குரலையே பெயராக வைத்துவிட்டார்கள்!

இதெல்லாம் இந்தக் காலத்து வழக்கம் என்று நினைக்காதீர்கள். அதே கருங்கடல் பக்கம், 1854-லே கிரிமியப் போர். காயம்பட்ட ஆங்கிலேய வீரர்களுக்குக் கட்டுத்துணிகூட இல்லை என்று லண்டன் 'டைம்ஸ்' எழுதியது. வாசகர்கள் பணத்தை அள்ளிக் கொடுத்தார்கள். பத்திரிகையின் ஆள் அதை எடுத்துக்கொண்டு கான்ஸ்டான்டிநோபிள் போனால், அதிகாரிகள் என்ன சொன்னார்கள்? "இங்கே ஒரு குறையும் இல்லை." பிரிட்டிஷ் தூதர் ஒரு படி மேலே போய், அந்தப் பணத்திலே ஒரு தேவாலயம் கட்டலாமே என்று யோசனை சொன்னதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. (சிரிப்பு) பக்கத்திலே ஸ்குடாரி ஆஸ்பத்திரியில் சட்டை இல்லாமல் கிடக்கிறான் வீரன்! கடைசியில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாருக்குக் கைகொடுத்தது அந்த வாசகர்களின் பணம்தான்.

நம்ம நாட்டுக்கு வாருங்கள். 1938. சீனா மீது ஜப்பான் படையெடுத்திருந்த நேரம். காங்கிரஸ் தலைவர் சுபாஷ் சந்திர போஸ். சீனாவுக்காக நிதி திரட்டினார்கள். அந்தப் பணத்திலே ஓர் ஆம்புலன்ஸும் ஐந்து டாக்டர்களும் போனார்கள். அவர்களிலே ஒருவர் சோலாப்பூர்க்காரர், டாக்டர் கோட்னிஸ். 1942-லே அந்தச் சீன மண்ணிலேயே உயிரை விட்டார். நண்பரே, உங்களை ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நமக்கென்று ஒரு சர்க்கார் இருந்ததா? நாமே அடிமை! கொடுத்தது எந்தக் கரம்? மக்களின் கரம்! (பலத்த கைதட்டல்)

எதிரணியிலே அம்மையார் ஒரு கேள்வி போட்டார். "உண்டியல் தூக்குறவன் எல்லாம் யோக்கியனா?" நியாயமான கேள்வி. போர் வந்தால் தொண்டனும் வருவான், திருடனும் வருவான். உக்ரைனிலே மலிவான போலிப் பட்டைகளும் வந்தன. பார்க்க அசல் மாதிரியே இருக்கும். திருகினால் கோல் முறிந்துவிடும்! நினைத்துப் பாருங்கள். கொடுத்தவனுக்குப் புண்ணியம் என்ற நினைப்பு, கட்டினவனுக்கு மரணம். அதனாலே இரக்கம் மட்டும் போதாது, கணக்கும் வேணும், சோதனையும் வேணும். அந்த 'உயிரோடு திரும்பி வா' அறக்கட்டளை, வந்த பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பகிரங்கமாக வெளியிட்டது. கள்ள நோட்டு இருக்கிறது என்பதற்காக நாம ரூபாயையே வேண்டாம் என்கிறோமா? வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்து வாங்குகிறோம். அதையே இங்கேயும் செய்வோம்.

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடித்துவிடுகிறேன் நடுவர் அவர்களே. மணி அடித்த பிறகுதான் எனக்கு நல்ல விஷயமே ஞாபகம் வரும். (சிரிப்பு)

அரசுக்குக் கடமை இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரியை உண்டியலிலே கட்டி நடத்த முடியாது. மக்கள் கொடுக்கிறார்கள் என்று அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. ஆனால் ஆணை போட்ட நாளுக்கும் பட்டை வந்து சேர்கிற நாளுக்கும் நடுவிலே ஓர் இடைவெளி இருக்கிறது பாருங்கள், அந்த இடைவெளியிலேதான் ஒரு பையன் ரத்தம் ஒழுகக் கிடக்கிறான். அங்கே முதலில் போய்ச் சேருகிற கை எது என்பதுதான் கேள்வி.

நமக்கெல்லாம் மொய் எழுதத் தெரியும். பேரு, ஊரு, தொகை. ஏன் எழுதுகிறோம்? நாளைக்கு நம்ம வீட்டு விசேஷத்துக்கு அது திரும்பி வரணும். ஆனால் முகம் தெரியாத வீரனுக்கு ஒரு பட்டை வாங்கிக் கொடுத்தவன், திரும்பி வராத மொய் எழுதுகிறான். அந்த வீரன் இவன் வீட்டுக் கல்யாணத்துக்கு வரப்போவதில்லை. வாங்கிக் கொடுத்தது யாரென்றுகூட அவனுக்குத் தெரியாது. பணம் திரும்பாது. திரும்பி வரவேண்டியது ஒன்றே ஒன்றுதான். எங்கேயோ ஒரு தாய், வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள் வீட்டுக்கு அவள் பிள்ளை!

அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் கரம் மக்களின் கரமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)