நலம் நாடி வருவோரும் நாமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தேயிலையைக் கொழும்புக்கு ஏற்றிச் செல்ல இட்ட புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டில் பதுளையை வந்தடைந்தது. பிற்காலத்தில் அப்பாதையே உல்லாசப் பிரயாணிகளையும் நம் மலைக்கு அழைத்து வந்தது. எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தையும் அப்புத்தளையின் லிப்டன் சீட்டையும் காண வருவோருட் பலர், காட்சியோடு உடல் நலத்தையும் மன அமைதியையும் நாடுகின்றனர். குளிர்காற்று, மலைநடை, எண்ணெய்க் குளியல், இலைக்கஞ்சி ஆகியன அவர்கள் விரும்புவன. ஆனால், அவர்கள் செலவிடும் பணத்தில் லயத்துக்கு வந்து சேர்வது எவ்வளவு?

தனியொருவர் விடுதி அமைத்தல் அரிது. பலர் கூடினால் இயலும். கேரளத்தில் வாக்படானந்த குருவின் போதனையால் எழுச்சி பெற்ற தொழிலாளர், 1925இல் ஊராளுங்கல் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். அச்சங்கம் இன்று இரிங்ஙலில், 2011இல் திறக்கப்பட்ட சர்காலயா என்னும் கைவினைக் கிராமத்தை நடத்துகின்றது. அங்கே கைவினைஞர் தம் பொருளைப் பயணிகள் காணச் செய்து, தாமே விற்கின்றனர்.

நம் தோட்டங்கள் பலவற்றில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. கூட்டுறவு நமக்குப் புதியதன்று. வழிகாட்டல், சமையல், கீரைத்தோட்டம், சலவை என வேலையைப் பகிர்ந்து கொள்வோம். மாதந்தோறும் கணக்கைச் சபையில் வாசிப்போம். இலாபத்தில் ஒரு பங்கைப் பிள்ளைக் காம்பராவுக்கும் மருந்துக்கும் ஒதுக்குவோம்.

இரண்டினை மறத்தலாகாது. முதலாவது, அறியாத வைத்தியத்தை விற்கக்கூடாது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டப்படி பதிவு பெற்றவரே சிகிச்சை செய்தல் வேண்டும். சித்த மருத்துவம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் போதிக்கப்படுகின்றது. நம் பிள்ளைகள் அதனைப் பயிலட்டும்.

இரண்டாவது, 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் அறிவோம். விருந்தினருக்கு அறை கட்டுமுன், நாம் குடியிருக்கும் மண் உறுதியானதா, அம்மண்ணுக்கு நம் பெயரில் உறுதி உண்டா என்று கேட்போம். உறுதியில்லாத வீட்டைக் காட்டி வங்கியிற் கடன் பெறுவது எங்ஙனம்? ஆகவே, காணி உறுதிக்கான கோரிக்கையும் இம்முயற்சியும் ஒன்றாகவே நடத்தல் வேண்டும்.

வந்தவர் நலம் பெற்றுச் செல்லும்போது, இங்கு வாழ்கின்றவரும் நலமாயிருத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன், ஒரு தோட்டத்திலாவது இத்தகைய சங்கமொன்றைப் பதிவு செய்வோமாக.