பத்துப் பறவைக்கு எவ்வளவு இடம்?



எங்கள் ஊரான உத்திரமேரூரில் என் அக்கா மகள் கல்லூரி முடித்திருக்கிறாள். "மாமா, கென்யாவுக்குத் தன்னார்வலராப் போகப்போறேன். கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்துல பாடம், கொஞ்ச நாள் காட்டுல கணக்கெடுப்பு" என்றாள். விமானக் கட்டணம், தங்கும் செலவு, அதற்குமேல் பதிவுக் கட்டணம், எல்லாம் கைக்காசு. வேலையும் செய்து பணமும் கட்டுவதா என்று அக்காவுக்குக் கோபம். நான் ஒன்றுதான் கேட்டேன்: "எண்ணத் தெரியுமா?"

சிரித்தாள். கென்யாவின் நகூரு ஏரிக்கரையில் ஜனவரியில் தன்னார்வலர்கள் பூநாரைகளை எண்ணுகிறார்கள். அதே மாதம் இங்கேயும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 1987இலிருந்து. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வேறு இருக்கிறது. கட்டணம் கிடையாது.

எங்கள் ஏரிக்கே கூட்டிப்போனேன். கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த அளவு எத்தனை முறை வருகிறது என்று பார்க்க வேண்டும். நத்தைக்குத்தி நாரைகளை முதலில் 120 என்றாள், அடுத்து 190 என்றாள். கரையில் மாடு மேய்த்த பெரியவர், "கருவேல மரத்துக்குப் பின்னாடி நிக்கிறத விட்டுட்டியேம்மா" என்றார்.

பக்கத்து வேடந்தாங்கல்காரர்களுக்கும் இந்தக் கண் உண்டு. எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டவர்கள் அவர்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கியவர்களும் அவர்கள்தான்.

கணக்கில் எங்கள் ஊர் கறார். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஏரியைக் கவனிக்கும் ஏரி வாரியத்துக்கு 6 பேர்; ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுப்பார்கள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் அந்தக் குடத்துக்குள் போகக்கூடாது. அவளிடமும் அதையே சொன்னேன்: அடையாளம் தெரியாத பறவையைத் தெரியாது என்றே எழுது.

கென்யாவில் பள்ளிக்கூடப் பாடம்தான் இடிக்கிறது. சுவாகிலி தெரியாமல் சில வாரத்தில் என்ன சொல்லிக்கொடுப்பாள்? 2021இல் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது அந்தந்த ஊர்ப் பெண்களே மாலையில் பாடம் எடுத்தார்கள். பிள்ளையின் பேச்சும் தெரியும், வீடும் தெரியும்.

கென்யா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்குக் கரையில் இருப்போம். மாடு மேய்க்கும் பெரியவரையும் வரச் சொல்லியிருக்கிறாள்.