தூக்கி நிறுத்தாதீர்கள்: மயங்கி விழுபவருக்கு முதலுதவி

(செந்தொண்டர் பயிற்சி முகாமில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கர் திடலில் மகாராஷ்டிர அரசு ஒரு விருது விழாவை நடத்தியது. இலட்சக்கணக்கான மக்கள் நண்பகல் வெயிலில் பல மணி நேரம் அமர்ந்திருந்தனர். மேடைக்குக் கூரை இருந்தது, மக்களுக்கு இல்லை. வெப்பத்தின் கொடுமையால் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அரசின் பொறுப்பின்மையைக் கண்டிப்பது நமது கடமை. எனினும் நமது பேரணிகளிலும் மாநாடுகளிலும் காய்வது அதே வெயில்தான். அங்கே ஒருவர் சாய்ந்தால் அருகில் நிற்கும் தொண்டர் என்ன செய்வார்?

பெரும்பாலும் நடப்பது இதுதான்: பத்துப் பேர் சூழ்ந்துகொள்வர், இருவர் கைத்தாங்கலாகத் தூக்கி உட்காரவைப்பர், ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றுவார். அன்பினால் செய்யப்படுபவை என்றாலும் இவை அனைத்தும் தவறு.

நெடுநேரம் நிற்பதாலும், வெப்பத்தாலும், நீரிழப்பாலும் இரத்தம் கால்களில் தேங்குகிறது. இரத்த அழுத்தம் தாழ்ந்து, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது, மனிதர் சாய்கிறார். கிடந்த நிலையில் மூளையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வருவதால் இரத்தம் மீண்டும் மூளையை எட்டுகிறது. ஆக, அவரைத் தூக்கி நிறுத்துவது உடல் தானே தேடிக்கொண்ட மருந்தைப் பறிப்பதாகும்.

எனவே, அவரை நிழலில் மல்லாந்து கிடத்துங்கள். அடிபடவில்லை எனில் கால்களை ஓர் அடி உயர்த்திப் பிடியுங்கள். சட்டைக் கழுத்தையும் இடுப்பு வாரையும் தளர்த்துங்கள். கூட்டத்தை விலக்கிக் காற்றுக்கு வழிவிடுங்கள். கருவுற்ற பெண்ணாயின் இடப்பக்கமாகச் சாய்த்துக் கிடத்துங்கள். நினைவு முழுமையாகத் திரும்பும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். வெங்காயமும் செருப்பும் முகரச் செய்வதால் பயனில்லை. விழித்தவுடன் எழ விடாமல் பத்து, பதினைந்து நிமிடங்கள் படுத்திருக்கச் செய்து, பின்னர் உட்காரவைத்து நீர் கொடுங்கள்.

சாதாரண மயக்கம் ஓரிரு நிமிடங்களில் தெளிந்துவிடும். ஒரு நிமிடத்துக்குள் நினைவு திரும்பாவிட்டாலும், நெஞ்சுவலி, வலிப்பு, தலைக்காயம், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் 108-ஐ அழையுங்கள். மூச்சு சீராக இருப்பின் ஒருக்களித்துக் கிடத்துங்கள். மூச்சு இல்லையெனில், அல்லது திணறலாக மட்டும் இருப்பின், காத்திராமல் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள்.

வெப்பத் தாக்கு வேறு, அது உயிர்கொல்லி. உடல் நெருப்பாய்க் கொதிக்கும். மனம் குழம்பிப் பிதற்றும். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடலெங்கும் நீர் ஊற்றி விசிறுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் உயிருக்குச் சமம்.

இறுதியாக ஒன்று. வேலைத்தளத்தில் மயங்கிவிழும் தொழிலாளியைப் பலவீனர் என்று முதலாளி இகழ்கிறார். பட்டினியும், ஓய்வில்லா உழைப்பும், நிழலின்மையும் உடலைச் சாய்க்கின்றன என்பதே உண்மை. தொழிலாளர் 250 பேருக்கு மேல் உள்ள ஆலைகளில் கோடையில் குளிர்ந்த குடிநீரும், 150 பேருக்கு ஒன்று வீதம் முதலுதவிப் பெட்டியும் வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. நாட்டின் செங்கல் சூளைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் வெயிலில் உழைப்போரில் எத்தனை பேர் அத்தகைய பெட்டியைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள்?

விழுந்தவரைக் காப்பது தொண்டரின் பணி. விழாமல் காக்கும் நிழலையும் நீரையும் ஓய்வையும் கேட்டுப் பெறுவது சங்கத்தின் பணி. இரண்டையும் பிரிக்க இயலாது, தோழர்களே. அடுத்த பேரணிக்குப் புறப்படுமுன் கொடிகளை எண்ணுவதுபோல் தண்ணீர்க் குடங்களையும் எண்ணுங்கள்.