ராத்திரியைக் கணக்கில் சேர்த்தீங்களா?

(தொலைக்காட்சிக்காக ராஜபாளையத்தில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: குடும்பத்தோடு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனால், ஒரே நாளில் பார்த்துத் திரும்புவதே சிறப்பா? தங்கிப் பார்ப்பதே சிறப்பா? 'தங்கிப் பார்ப்பதே' அணியின் இரண்டாவது பேச்சு.)



நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. பஸ் ஏறினா அரை மணி நேரத்துல வந்துடலாம். ஆனாலும் இங்க வந்து பேசுறதுன்னா கொஞ்சம் பயம். இந்த ஊர்ல நாய்க்கே நாடு முழுக்கப் பேர் இருக்கு. (சிரிப்பு) எங்க கையில இருக்கிற ஒரே ஆயுதம் பால்கோவா. அதை எதிரணித் தம்பிக்கு மேடை ஏறுறதுக்கு முன்னாடியே கொடுத்துப் பார்த்தேன். சாப்பிட்டுட்டு, வாயைத் துடைச்சுக்கிட்டு வந்து எனக்கு எதிராவே பேசுறார்! (சிரிப்பு, கைதட்டல்)

என்ன பேசினார் தம்பி? "டிக்கெட்டு ஒரு நாளைக்குத்தானே? காலையில உள்ள போய் சாயங்காலம் வெளிய வந்தா முடிஞ்சது. எதுக்கு லாட்ஜு, எதுக்கு வாடகை, எதுக்கு இன்னொரு நாள் லீவு?" நல்ல கேள்விதான். பாதிக்கு நான் ஒத்துக்கிறேன். மதுரை பரவையில அதிசயம் பூங்கா இருக்கு. இங்கிருந்து காலையில கிளம்பி, நல்லா நனைஞ்சு, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம். அதுக்குப் போய் மதுரையில ரூம் போடுறவனைப் பார்த்தா நானே திட்டுவேன். அது எங்க அணி ஆள் இல்லை.

நம்ம தலைப்பு பெரிய பூங்கா. தூரத்துப் பூங்கா. கொச்சி பள்ளிக்கரையில 2000ஆம் ஆண்டு வீகாலேண்டுன்னு திறந்தாங்களே, இப்ப வொண்டர்லான்னு சொல்றோமே, அது மாதிரி. அதே கம்பெனி 2005ல பெங்களூர்ல ஒண்ணு திறந்தது. 2025 டிசம்பர்ல சென்னையைத் தாண்டித் திருப்போரூர்ப் பக்கம் ஒண்ணு வந்தது. மேட்டுப்பாளையத்துல பிளாக் தண்டர். நம்ம ஊர்ப் பிள்ளைங்க வாயில வர்ற பேரு இதெல்லாம்தான். எது பக்கத்துல இருக்கு? எதுவுமே இல்லை!

சரி, கணக்குப் போடுவோம். எதிரணிக்குக் கணக்கு பிடிக்கும்னு சொன்னாங்க.

ராஜபாளையத்துல இருந்து கொச்சிக்கு வேன்ல போறோம். நம்ம வீட்டு வாசல்ல போற அதே கொல்லம் ரோடு. செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர், அப்புறம் கோட்டயம். மலை வளைவையும் டீக்கடையையும், பின் சீட்டுல வாந்தி எடுக்கிற பிள்ளையையும் சேர்த்தா ஆறேழு மணி நேரம். காலையில போய்ச் சேரணும்னா ராத்திரியே கிளம்பணும். இந்த மாதிரிப் பூங்காக்கள் பத்து, பதினோரு மணிக்குத் திறந்து சாயங்காலம் சாத்திடும். ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம், அவ்வளவுதான் கையில.

அதுல நுழைவாசல்ல ஒரு வரிசை. பையைச் சோதிக்க ஒரு வரிசை. அங்கதான் நம்ம வீட்டு அப்பத்தா மாட்டிக்கும். விடிய விடிய முழிச்சுக் கட்டின புளியோதரைப் பொட்டலத்தை உள்ள விடமாட்டான். பல பூங்காக்கள்ல வெளிச் சாப்பாட்டுக்குத் தடை. அப்பத்தா விடுமா? "இவன் யாருய்யா என் சோத்தைத் தடுக்கிறதுக்கு"ன்னு வாசல்லயே உட்கார்ந்து ஏழு பேருக்கும் பிரிச்சுப் பரிமாறிட்டுத்தான் எந்திரிக்கும். (சிரிப்பு) அதுல முக்கால் மணி நேரம் போச்சா?

உள்ள போனா உயரம் அளக்கிறான். வொண்டர்லாவுல 85 சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தா டிக்கெட்டே கிடையாது, 140க்கு மேல போனா பெரியவங்க டிக்கெட்டு. பெரிய ராட்டினத்துல ஏறவும் 140 இருக்கணும். நம்ம பையன் 138. டிக்கெட்டு வாங்கையில குனிஞ்சு நின்னவன், ராட்டினத்துக்கு முன்னால குதிகாலைத் தூக்கி நிக்கிறான்! (பலத்த சிரிப்பு) அவனைச் சமாதானப்படுத்த ஒரு ஐஸ்கிரீம், கால் மணி நேரம்.

அப்புறம் தண்ணி விளையாட்டு. பருத்தித் துணியோட இறங்கக் கூடாது, நைலான், பாலியெஸ்டர்தான் போடணும்னு விதி. நூல் இழை பிரிஞ்சு போய் வடிகட்டியை அடைச்சுக்கும்னு காரணம் சொல்றாங்க. நியாயம்தான். ஆனா நடுவர் அவர்களே, ஊரே பஞ்சு மில்லு, ஊரே நூலு. அந்த ஊர்க்காரனைக் கூப்பிட்டுப் பருத்தியைக் கழட்டுன்னா எப்படி இருக்கும்?

நடுவர்: சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியாவது விடுவாங்களாம்மா?

விழுந்து முட்டி தேஞ்சா விடுவாங்கய்யா. அதுக்கும் நம்ம ஊர்த் துணிதான் வரணும்! (கைதட்டல்)

இதெல்லாம் கழிச்சு மிச்சம் இருக்கிறது நாலு மணி நேரம். விடுமுறை நாள்ல பெரிய ராட்டினம் ஒண்ணுக்கு அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் நிக்கணும். ஏறினா ரெண்டு, மூணு நிமிஷம். நாலு மணி நேரத்துல எத்தனை ஏறுவீங்க? ஆறு. நல்லா ஓடினா ஏழு. ராத்திரி தூங்காத காலால ஓடணும், அதையும் சேர்த்துக்கோங்க.

எங்க தெருவுல ஒரு குடும்பம் இப்படித்தான் போச்சு. சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஏறினாங்க, திங்கக்கிழமை விடியக்காலை நாலு மணிக்கு இறங்கினாங்க. போட்டோ காட்டினாங்க. பதினாலு போட்டோவுல ஒன்பதுல யாராவது ஒருத்தர் கொட்டாவி விடுறாங்க. சின்னப் பாப்பாவுக்கு அஞ்சு வயசு. அலைக்குளம்னு ஒண்ணு இருக்குமே, கடல் மாதிரி அலை அடிக்குமே, அதைப் பார்க்கணும்னுதான் அது மூணு மாசமா அழுதது. அலை அடிக்கிற நேரத்துல அம்மா தோள்ல தூங்கிப் போச்சு. எழுப்பினாங்க, எந்திரிக்கலை. இன்னிக்கு வரைக்கும் அந்தப் பாப்பா, "நாம கொச்சிக்கு எப்பம்மா போவோம்?"னு கேக்குது. போய்ட்டு வந்துட்டோம்னு சொன்னா நம்ப மாட்டேங்குது!

இது இன்னிக்கு நேத்து வந்த வியாதி இல்லை. கிஷ்கிந்தா ஞாபகம் இருக்கா? இந்தியாவோட முதல் முப்பரிமாணப் படம் 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்த நவோதயா அப்பச்சன் 1995ல தாம்பரத்துக்கிட்ட திறந்தாரே, அந்தப் பூங்கா. அந்தக் காலத்துல தெக்கத்திப் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு ஒரு நோட்டீஸ் வரும். ஒரே நாள்ல வண்டலூர் மிருகக்காட்சி சாலை, கிஷ்கிந்தா, கோவளம், மகாபலிபுரம், வி.ஜி.பி. கோல்டன் பீச்! ஒரே நாள்ல! வண்டலூர்ல புலியைப் பார்த்தோமான்னு கேட்டா, பார்த்தோம், ஓடுச்சும்பாங்க. புலி எங்கய்யா ஓடுச்சு? ஓடினது நீ! (பலத்த சிரிப்பு)

பெரிய காட்சியை எத்தனை நாள்ல பார்க்கணும்னு வெளியூர்ல போய்ப் படிக்க வேண்டியதே இல்லை. எங்க ஊர் ஆடிப்பூரத்தைப் பாருங்க. கொடியேத்தம் ஒரு நாள். அஞ்சு பெருமாளும் கருட வாகனத்துல எழுந்தருளுற ஐந்து கருட சேவை ஒரு நாள். ஆண்டாள் மடியில ரங்கமன்னார் சயனிக்கிற திருக்கோலம் ஒரு நாள். தேர் ஒரு நாள். ஏன்? எல்லாத்தையும் ஒரே நாள்ல வச்சிருந்தா செலவு மிச்சம்தானே? பந்தல் ஒரு தடவை, மேளம் ஒரு தடவை. நம்ம முன்னோருக்கு எதிரணிக் கணக்குத் தெரியாதா? தெரியும். ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு வச்சாத்தான் கண்ணுக்குள்ள நிக்கும்னும் தெரியும். தேர் மரச்சக்கரத்துல ஓடின காலத்துல நிலைக்கு வரவே நாள் கணக்கா ஆகும். தெருவுல நிக்கிற தேரைப் பிள்ளைங்க சுத்திச் சுத்திப் பார்க்கும். இப்ப இரும்புச் சக்கரம், சில மணி நேரத்துல வந்துடுது. நல்லதுதான், அதைக் குறை சொல்லலை. ஆனா 192 அடி கோபுரத்தைப் பஸ் ஜன்னல்ல இருந்து பார்த்துட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பார்த்தாச்சுன்னு சொல்றவங்களை என்ன செய்யறது?

அமெரிக்காவுல புளோரிடாவில டிஸ்னி உலகம். 1971 அக்டோபர் 1ஆம் தேதி ஒரே ஒரு பூங்காவோட திறந்தாங்க. 1982ல ஒண்ணு, 1989ல ஒண்ணு, 1998ல ஒண்ணுன்னு இப்ப நாலு பூங்கா. மொத்த இடம் ஏறக்குறைய நாப்பது சதுர மைல். அங்க டிக்கெட்டையே ரெண்டு நாளு, மூணு நாளு, நாலு நாளுன்னு விக்கிறான். நாள் கூடக் கூட ஒரு நாளைக்கு ஆகிற காசு குறையும். அவசரப்பட்டு ஓடினா என்ன ஆகும்னு அவங்களுக்கு அனுபவம் இருக்கு. 1955 ஜூலை 17ல கலிபோர்னியாவில முதல் டிஸ்னிலேண்டைத் திறந்தப்ப, அழைப்பு ஒரு கணக்கு, வந்த கூட்டம் வேற கணக்கு. கள்ள டிக்கெட்டு வேற. போட்ட தாரு காயலை, அம்மாமாருங்க குதிகால் செருப்பு தாருக்குள்ள போய் மாட்டிக்கிச்சு. குடிக்கத் தண்ணிக் குழாய் பத்தலை. முதல் நாளே பார்த்துடணும்னு போனவங்க பார்த்தது அதைத்தான்! (சிரிப்பு)

உடனே எதிரணி, "அப்ப கொச்சிக்கும் நாலு நாளா?"ன்னு கேப்பாங்க. இல்லைங்க. எங்க அணியைத் தப்பாப் புரிஞ்சுக்காதீங்க. ரெண்டு நாள்னா ரெண்டு டிக்கெட்டு இல்லை. பூங்காவுக்கு ஒரு நாள் போதும். அந்த நாளுக்கு முன்னால ஒரு ராத்திரி, பின்னால ஒரு ராத்திரி, முதுகு தரையில படணும். அவ்வளவுதான் நாங்க கேக்கிறது. பகல்ல கிளம்பு. சாயங்காலம் போய்ச் சேரு. தூங்கு. மறுநாள் திறக்கும்போது முதல் ஆளா வாசல்ல நில்லு. முதல் ஒரு மணி நேரத்துல கூட்டமில்லாம ஏறுற மூணு ராட்டினம், மத்தியானம் ரெண்டு மணி நேரம் நின்னாலும் கிடைக்காது. சாயங்காலம் வந்து மறுபடி தூங்கு. விடிஞ்சு கிளம்பு. 2023லிருந்து மதுரை - குருவாயூர் ரயில் இந்த ராஜபாளையம் வழியாத்தான் கேரளாவுக்குப் போகுது. அதுல போகலாம். சென்னைப் பூங்காவுக்குப் பொதிகையில படுத்துக்கிட்டுப் போய், படுத்துக்கிட்டே திரும்பி வர்றியா? லாட்ஜே வேண்டாம். படுத்துத் தூங்கின ராத்திரி எதுவானாலும் அது எங்க அணி ராத்திரிதான்! (கைதட்டல்)

எதிரணியில கடைசியா ஒரு ஐயா சொன்னார். "மில்லுத் தொழிலாளிக்கு ஒரு நாள் லீவே பெருசு. ரெண்டாவது நாள் சம்பளம் போச்சுன்னா யார் கொடுப்பா?" இதுக்குச் சிரிக்க எனக்கு மனசு வரலை. உண்மையான கேள்வி இது. இந்தக் கூட்டத்துல பாதிப் பேர் வீட்டுக் கேள்வி. ஆனா ஐயா, ரெண்டு ராத்திரி தூங்காம வந்து, திங்கக்கிழமை காலை ஷிப்டுக்குப் போய் ஓடுற மெஷின் முன்னால நிக்கிறானே, அறுந்த நூலை ஒட்டுறானே, அந்த ஒரு நாளை எங்க எழுதுவீங்க? அந்த லீவு சம்பளத்துல கழியலை, உடம்புல கழியுது. வருஷா வருஷம் ஒரு நாள் ஓட்டம் ஓடுறதை விட்டுட்டு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போகட்டும். அந்தக் காசுல ஒரே ரூம்ல பாய் விரிச்சு ஏழு பேரும் படுக்கட்டும். வாரநாள்ல ஆப் வர்ற தொழிலாளியா? இன்னும் நல்லது. ஞாயித்துக்கிழமைக் கூட்டம் உனக்குக் கிடையாது.

நடுவர்: நேரம் ஆயிடுச்சும்மா.

ஒரே ஒருத்தரைப் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போயிடுறேன்யா. இவ்வளவு நேரம் ரெண்டு அணியும் அவரைப் பத்திப் பேசவே இல்லை.

அந்த வேன் டிரைவர்.

நாம ராத்திரி முழுக்கக் கண்ணை மூடிக்கிட்டு வர்றோம். அவர் மூட முடியாது. நாம பகல்ல தண்ணியில குதிக்கிறோம். அவர் வண்டி நிறுத்துற இடத்துல, வெயில்ல, தகரம் கொதிக்கிற வேனுக்குள்ள, நாலு கதவையும் திறந்துவச்சுக்கிட்டுப் படுத்திருக்கார். அது தூக்கமா? சாயங்காலம் ஆறு மணிக்கு ஈரத்தலையோட நாம வந்து கதவைத் தட்டி, "அண்ணே, எடுங்க, விடியிறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடணும்"னு சொல்றோம். அவர் முகத்துல தண்ணி அடிச்சுட்டு எடுக்கிறார். 1961லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்துல ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலைன்னு எழுதினாங்க. தூரப் பயணத்துக்கு மட்டும் பத்து வரைக்கும் போகலாம்னாங்க. எதிரணிப் பயணத்துல அவர் ஓட்டுறது பதினாலு மணி நேரம். அதுல பாதி மலை வளைவு தேடி வர்ற பின்னிராத்திரி. உள்ள தூங்கிக்கிட்டு இருக்கிறது ஏழு பேரு. அதுல ஒண்ணு, அலையைப் பார்க்காத அந்த அஞ்சு வயசுப் பாப்பா.

எதிரணியில அடுத்துப் பேசப் போறவர் செலவுப் பட்டியல் கையில வச்சிருக்கார், நான் பார்த்தேன். டீசல் இருக்கு, டிக்கெட்டு இருக்கு, சாப்பாடு இருக்கு. டிரைவர் தூங்குறதுக்கு அதுல ஒரு வரி இருக்கான்னு நீங்களே வாங்கிப் பாருங்க, நடுவர் அவர்களே.

(நீண்ட கைதட்டல்)